மாட்டேன் மேஸ்திரி

எங்கள் மில்லுக்கு வருஷத்துக்கு ஒருதரம் யாராவது வந்து எங்களைத் திருத்திவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் யோகா மாஸ்டர் வந்தார். இன்னொரு வருஷம் தீயணைப்புத் துறைக்காரர் வந்து, தீப்பிடித்தால் பதறி ஓடக்கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்போது டீக்கு மணி அடித்தது. நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த வருஷம் ஆவணியில் வந்தவர் மனநல ஆலோசகர். ஜாஸ்மின் என்று பெயர். பாளையங்கோட்டைக்காரப் பெண், வயது முப்பது இருக்கலாம். கேன்டீன் போர்டில் இட்லி, பொங்கல் என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ‘இலக்கும் விழுமியமும்’ என்று எழுதினார். எழுதியதை விட்டு அழித்ததைத்தான் முக்கால்வாசிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் வைகுண்டராஜ். ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. மிஷினுக்கு பெல்ட் மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது. இதற்கு நடுவே ஜோக் அடிப்பது. ஜோக்குக்குச் சம்பளம் கிடையாது என்றாலும் அதைத்தான் ஒழுங்காகச் செய்வேன் என்று பேர்.

“மேடம், விழுமியம்னா என்னது? கீழ விழாம வேல பாக்கறதா?” என்று கேட்டான் என் ஹெல்ப்பர் ராக்கப்பன். ஹெல்ப்பர் என்றாலும் என் வயசுதான். “அது போன வருசமே சொல்லிக் குடுத்துட்டாவ.”

ஜாஸ்மின் சிரித்தார். “நீங்க எப்படிப்பட்ட ஆளா வாழணும்னு ஆசைப்படுறீங்களோ, அதுதாண்ணே விழுமியம். இலக்குங்கிறது அந்தப் பாதையில வர்ற ஊரு. இப்ப இங்கருந்து மேக்க பாத்து நடந்தீங்கன்னா மலை வரும். ஏறி இறங்கினா கேரளா வரும். ஆனா ‘மேக்கு வந்தாச்சு, எறங்கு’ன்னு எந்த கண்டக்டராவது சொல்லுவாரா? திசை முடியாது. ஊருதான் வந்து வந்து போகும்.”

எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரிந்தால் எனக்கு ஆகாது, உடனே வாய் அரிக்கும். அந்த நேரம் பார்த்து அவர், “ஒரு முடிவு எடுத்து, அதை விடாம காப்பாத்தினவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார்.

எழுந்து நின்றேன்.

“நான் இருக்கேன் மேடம். சீனி போட மாட்டேன்னேன், முடியல. கோவப்பட மாட்டேன்னேன், சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்துட்டு. ஆனா ஒண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் கூடப்பிறந்த தங்கச்சி இருக்கா. அவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு. இன்னைவரைக்கும் மிதிக்கல.”

கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று யோசிக்காமல் தட்டுவதில் எங்கள் மில்லுக்கு நிகர் கிடையாது.

ஜாஸ்மின் தட்டவில்லை. “அண்ணே, ஒரு சின்னக் கேள்வி. இதே காரியத்த ஒரு பொணம் உங்களவிட நல்லா செய்யுமா, செய்யாதா?”

ராக்கப்பன் முந்திக்கொண்டான். “செய்யும் மேடம். பொணம் எந்த வாசப்படியையும் மிதிக்காது. தூக்கிட்டுத்தான் போவணும்.”

கேன்டீன் அதிர்ந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் உட்காரும்போது பெஞ்சு சில்லென்று இருந்தது.

“கிண்டலுக்குக் கேக்கல” என்றார் அவர். “சீனி போடாம இருக்கறது, கோவப்படாம இருக்கறது, பேசாம இருக்கறது எல்லாமே பொணத்துக்குச் சுளுவு. அதுகூடப் போட்டி போட்டு நம்மால ஜெயிக்க முடியாது. உயிரோட இருக்கறவரால மட்டும் செய்ய முடியற ஒண்ணை இலக்கா வைங்க. இப்ப பக்கத்துல இருக்கறவர்கிட்ட ஒரு ஆசையைச் சொல்லுங்க. அதுல ‘மாட்டேன்’ங்கிற சொல்லு வரக் கூடாது.”

“போச்சு” என்றான் ராக்கப்பன் என்னிடம். “நாள் பூரா பெல்ட் மாட்டுதவரு, ‘மாட்டேன்’ இல்லாம எப்படிப் பேசுவாரு? மாட்டேன் மேஸ்திரி!”

அன்று முதல் மில்லில் எனக்கு அதுதான் பேர்.

இந்த இடத்தில் அந்தப் பழைய சண்டையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சண்டை என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. தங்கச்சி பாண்டிசெல்வி வீடு கட்டிக் குடிபோனாள். அவள் வீட்டுக்காரர் விக்னேஷ்வரன் வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார். அதில் என் படம். பாவி பிளெக்ஸ் கடைக்காரன் படத்தை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே ‘வைகுண்ட’ என்று ஒரு வரி, ‘ராஜ்’ என்று மறுவரி போட்டிருந்தான். பஸ்ஸில் போன எங்கள் மில்காரர் ஒருவர் என் மனைவிக்கு போன் செய்து, “எப்பம்மா எடுக்காவ?” என்று கேட்டார். நான் வந்திருந்த சனம் அத்தனைக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை, பால் காய்ச்சியாச்சு. எனக்குப் பால் ஊத்துறது எப்ப?” என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை முகம் செத்துப்போனது. செல்வி என்னைத் தனியே இழுத்து, “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்றாள். “மிதிக்க மாட்டேன்” என்றேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு செல்விக்கு ஒரு பெண் பிறந்தது. மகாலட்சுமி. என் மனைவி அனுசியாவுக்கும் செல்விக்கும் பேச்சு உண்டு, வாட்ஸ்அப்பும் உண்டு. அனுசியா குளிக்கப் போகும்போது கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல அவள் போனை எடுத்து, பிள்ளையின் படங்களைப் பார்ப்பேன். குப்புற விழுந்தது, நடந்தது, மண்ணைத் தின்றது எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். இப்போது புரட்டாசி முதல் சனிக்கிழமை, திருவண்ணாமலையில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். தீபத்துக்குப் போகிற அந்தத் திருவண்ணாமலை இல்லை. இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் நிற்கிற மலை. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்குப் பதிலாகச் சோழபுரத்துப் பெரியப்பா மகன் பாண்டி மடியில் வைப்பதாக ஏற்பாடு. பாண்டிக்கு இருக்கிற தொப்பைக்கு மடி என்று ஒன்று கிடையாது. ஆனால் அதைச் சொல்ல நான் யார்?

இதையெல்லாம் ராக்கப்பனிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘மாட்டேன்’ வந்து முட்டியது. கடைசியில், “மாமனா இருக்கணும்லே” என்றேன்.

ராக்கப்பன் இதற்கு ஜோக் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீ இடைவேளையில் ஜாஸ்மினிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர், “சரி, என்ன செய்யப்போறீங்க?” என்றார்.

“தங்கச்சி என்னைய மன்னிக்கணும்.”

“அது அவங்க கையில இருக்கு. உங்க கையில என்ன இருக்கு?”

கையில் டீ இருந்தது. அதைச் சொல்ல நினைத்து, “போய்க் கதவத் தட்டலாம்” என்றேன்.

“எப்ப?”

“பாப்போம்.”

“பாப்போம்கிறது எந்தக் கிழமைண்ணே?”

“ஞாயித்துக்கெழம.”

“போற வழியில மனசு தடுக்கும். தடுத்தா என்ன செய்வீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ‘இது நடந்தா இதைச் செய்வேன்’னு.”

டீயைக் குடித்து முடித்தேன். “காலு நின்னுட்டுன்னா, பிள்ள பேரச் சொல்லிட்டு அடுத்த எட்டு வைப்பேன்.”

“இது போதும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று பால்கோவா வாங்கினேன். செல்வியின் தெருமுனைக்கு வந்தால் மாப்பிள்ளையின் பைக் வாசலில் நிற்கிறது. உடனே மனசுக்குள் யாரோ மைக்செட் கட்டிவிட்டார்கள். ‘கூப்பிடாத இடத்துக்கு ஏண்டா வந்தே, பாண்டி இருக்கான்லா, மடிக்கா பஞ்சம்’ என்று ஒரே இரைச்சல். அந்தச் சத்தத்தில் பிள்ளை பெயர் மறந்துபோனது. சத்தியமாக மறந்துபோனது. திரும்பி நடந்து தேரடிக்கு வந்து, பெரிய தேருக்கு எதிரே உட்கார்ந்து, பால்கோவாவை நானே தின்று முடித்தேன். அரைக்கிலோ. அழுகிற மனுஷனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

வீட்டில் அனுசியா என் முகத்தையும் சட்டையில் ஒட்டியிருந்த பால்கோவாவையும் பார்த்தாள்.

“போனீகளா?”

“போனேன். தேர் வரைக்கும்.”

“தேரு அங்கனயேதான நிக்கும், என்னைக்கும் பாக்கலாம். பிள்ள அப்படியா? வளந்துட்டுப் போயிரும்.” முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில், “எனக்கு ஒரு துண்டாச்சும் மிச்சம் வச்சீகளா?” என்றாள். வைக்கவில்லை.

மறுநாள் ராக்கப்பன் மிஷினடியில் படுத்துக்கொண்டே கேட்டான். “என்ன மேஸ்திரி, எம்புட்டு தூரம்?”

“தெருமுனை வரைக்கும்.”

“அப்ப பரவால்ல. பொணம் தானா தெருமுனைக்கு வராது. நீரு ஜெயிச்சிட்டேரு.”

ஆறுதலா கிண்டலா என்று தெரியவில்லை. எதுவானாலும் அது எனக்குள்ளே ஒரு ஸ்பேனர் திருகு திருகிவிட்டது. அன்றைக்கே ஷிப்ட் முடிந்ததும், குளிக்காமல், தலையெல்லாம் பஞ்சோடு பஸ் ஏறினேன். குளிக்கப் போயிருந்தால் யோசித்திருப்பேன்.

அதே தெருமுனை. அதே பைக். கால் நின்றது. இந்தத் தடவை பெயர் ஞாபகம் இருந்தது. “மகாலட்சுமி” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“என்ன?” என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள். “எந்த மகாலச்சுமி? இந்தத் தெருவுல நாலு பேரு இருக்கோம்.”

“இல்லம்மா… செல்வி மக.”

“நீரு யாரு?”

“செல்வியோட அண்ணன்.”

“செல்விக்கு அண்ணனா? சோழபுரத்துல ஒருத்தர் உண்டே, வயிறு பெருத்தவரு?”

“அவன் ஒண்ணுவிட்ட அண்ணன்!” என்று கத்தினேன். “நான் கூடப்பிறந்தவன்!” இரண்டு வருஷமாக இந்தப் பக்கமே வராதவன் இதைத் தெருவே கேட்கும்படி கத்திய பிறகு திரும்பி ஓட முடியாது. அடுத்த எட்டு, அதற்கடுத்த எட்டு, கதவு. தட்டினேன்.

செல்வி திறந்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் இருந்த பஞ்சைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

“யாரு செத்தா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பேச்சு அற்றுப்போன அண்ணன் வேலை நாளில் வேலை உடுப்போடு வந்து நின்றால் வேறென்ன கேட்பாள்? அதற்குப் பதிலாக என் நாக்கில் அருமையான ஜோக் ஒன்று வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, நல்ல ஜோக். அதைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, “ஒருத்தரும் சாவல. பிள்ளயப் பாக்க வந்தேன்” என்றேன்.

கதவை விட்டு ஒதுங்கி நின்றாள்.

“உள்ள வா.”

நான் குனிந்து வாசப்படியைப் பார்த்தேன். மஞ்சள் பூசி, கோலம் போட்டிருந்தது. “மிதிக்க மாட்டேன்னு சொன்னேனேட்டி…”

“வாசப்படிய எவன் மிதிப்பான்?” செல்வியின் குரல் உயர்ந்தது. “படிய மிதிக்காத, தாண்டி வா, தாண்டி வான்னு அம்மா ஒன் காலுலயே எத்தன அடி போட்டிருக்கா! நானும் மிதிக்காதன்னுதான சொன்னேன். வராதன்னா சொன்னேன்? கோவத்துல வாயில வந்தது. அதப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு வருசமா… கூறுகெட்டவனே, தாண்டி வாயேன்!”

கடைசிச் சொல் அழுகையில் உடைந்தது. நாற்பத்தாறு வயசில், மேஸ்திரி வேலை பார்க்கிற ஒருவன், மஞ்சள் பூசிய ஒரு கட்டையைத் தாண்டுவதற்கு கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே பிள்ளை நின்றது. போனில் பார்த்ததைவிட உயரம். என் தலையில் இருந்த பஞ்சையே பார்த்துவிட்டு, “தாத்தா” என்றது.

“தாத்தா இல்லட்டி, மாமா” என்றாள் செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நான் குந்தி உட்கார்ந்தேன். அவள் கிட்டே வந்து என் தலையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து வாயில் போட்டாள். எங்கள் வம்சம்தான், சந்தேகமே இல்லை.

மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். ‘வாங்க’ என்று வாயில் வராமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். பைக் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, அன்னைக்கு மைக்குல நான் பேசுனது தப்பு.”

அவர் டேங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பேனரு நல்லா வரலதான் மச்சான். எனக்கும் தெரியும். எல்லாரு படத்தையும் விட ஒங்க படத்தப் பெருசாப் போடுன்னு நாந்தான் கடக்காரன்ட்ட சொன்னேன். தாய்மாமன்லா.” பைக் கிளம்பிவிட்டது.

அந்தப் பேனரை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விளக்கு ஞாபகம் இருந்தது, வரி உடைந்தது ஞாபகம் இருந்தது. என் படம்தான் பெரிசு என்பது கண்ணில் பட்டதே இல்லை.

உள்ளே திரும்பிச் செல்வியிடம் மடியைப் பற்றிக் கேட்டேன். அவள் தயங்கினாள். “அவிய பாண்டி அண்ணன்ட்ட சொல்லிட்டாவ. அது வேட்டி சட்டையெல்லாம் எடுத்திருச்சு. இப்பப் போய் வேண்டாம்னா…”

“அவனே உக்காரட்டும். நான் வாரேன். அம்புட்டுதான்.”

சொல்லும்போது நெஞ்சில் நெருஞ்சி முள் குத்தத்தான் செய்தது. மறுநாள் ஜாஸ்மினுக்கு போன் செய்து சொன்னேன். “மடி ஒரு ஊருண்ணே. அந்த ஊருக்கு பஸ் இல்லாட்டியும் மேக்க நடக்கலாம்ல?” என்றார். எதற்கெடுத்தாலும் இப்படித்தான் பேசுகிறார். சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாப்பிள்ளை என்னிடம் பேசவில்லை. எனக்கோ வேலைக்குக் குறைவில்லை. செருப்பு எல்லாவற்றுக்கும் காவல் நின்றேன். அனுசியாவுக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன். மொட்டை போட்டதும் பிள்ளை தன் தலையைத் தடவிப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு, ஊர் கூட்டி அழுதது. படி ஏற வேண்டும். செல்விக்கு முழங்கால் வலி, மாப்பிள்ளை கையில் அர்ச்சனைச் சாமான். “மாமாட்ட வா” என்றேன். வந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத்தலை என் தோளில் சாய்ந்ததும், நாலு படிகூட ஏறவில்லை, தூங்கிவிட்டாள். மலை ஏறி, வரிசையில் நின்று, பெருமாளைப் பார்த்து, இறங்கி வருகிறவரை அந்தப் பாரம் என் தோளிலேயே இருந்தது. கை மரத்துப்போனது. யாராவது வாங்கிக்கொள்ள வந்தால் முறைத்தேன்.

கீழே மண்டபத்தில் ஆசாரி தயாராக இருந்தார். பாண்டி புது வேட்டி கசங்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் பிள்ளையை எழுப்பி, அவனிடம் நீட்டினேன். என் கையாலேயே நீட்டினேன் என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். பாண்டியைப் பார்த்தாள். அப்புறம் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு போட்டாள் பார் ஒரு சத்தம். மண்டபத்துக் குரங்குகள் இடம் மாறின.

“எய்யா, பிள்ளைக்கு என்ன தெரியும், வலுக்கட்டாயமா வாங்குங்க” என்றது ஒரு குரல். செல்வி வீட்டுக்காரரைப் பார்த்தாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்தேன்.

“இருக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை. “அங்கனயே இருக்கட்டும். பாண்டி மச்சான், கோவிச்சிக்கிடாதீங்க. மாலய ஒங்க கையாலயே போட்டு விடுங்க.”

“எனக்கென்ன கோவம்? காலு மரத்துட்டு, எந்திரிக்க ஒரு கை குடுங்க மொதல்ல” என்றான் பாண்டி. அவனைப் பற்றி நான் நினைத்ததெல்லாவற்றையும் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிக்கொண்டேன், தொப்பையைத் தவிர.

உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தேன். முதல் காது குத்தியதும் அவள் என் கையைக் கடித்தாள். பல் எல்லாம் நன்றாக முளைத்திருந்தது. இரண்டாவது காதுக்குத் தலையைத் திருப்பவிடாமல் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ஆசாரி கம்பியோடு காத்திருந்தார்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் குந்தினார். அன்றைக்கு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான், ஏதாச்சும் சொல்லுங்க. பிள்ள சிரிக்கட்டும்.”

மில்லில், பஸ்ஸில், இழவு வீட்டில், எங்கேயும் ஜோக்குக்குப் பஞ்சமே வராத எனக்கு ஒன்றுமே வரவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே சத்தத்தைப் போட்டேன். பெல்ட் சரியாக மாட்டின பிறகு மிஷின் மெல்ல எடுத்து ஓடுமே, “ஊஊஊம்…” என்று, அந்தச் சத்தம். அவள் விம்மலை நிறுத்திக் கேட்டாள். சட்டையிலிருந்து ஒரு கண் வெளியே வந்தது. அப்புறம் மூக்கு வந்தது. மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். “ஊஊஊம்…” சுருதி சேரவில்லை; ஆனால் நல்ல சத்தம்.

காது தானாகத் திரும்பியது. ஆசாரி குனிந்தார்.